எந்தப் பத்தாண்டு பொற்காலம்? பாட்டின் கணக்கும் கணக்கில் வராத பாட்டும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் கனமான தலைப்பு ஒன்று வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருக்கும். நான் எடுத்துக்கொண்டிருப்பது டீக்கடையிலும் விடுதி அறையிலும் அன்றாடம் நடக்கும் ஒரு சண்டையை. சினிமாப் பாட்டுக்கு எந்தப் பத்தாண்டு பொற்காலம், எந்தப் பத்தாண்டு குப்பைக் காலம் என்ற சண்டை அது. ஐம்பது, அறுபதுகள் என்பார் ஒருவர். எண்பதுகளை விட்டால் வேறு எது என்பார் இன்னொருவர். தொண்ணூறுகளுக்கும் ஆள் உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்தது வெறும் குத்து, வெறும் இரைச்சல் என்று சொல்லும்போது மட்டும் எல்லோரும் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள். சண்டை எனக்குப் பிடித்தமானது. அந்த ஒற்றுமைதான் உறுத்துகிறது.

இந்த உரை யாருடைய நினைவில் நிகழ்கிறதோ அந்தத் தோழர் ஒரு மேடைப் பாடகர். பேச்சாளர் வந்து சேரும்வரை ஆட்களைக் கட்டிவைக்கப் பாடியவர். தோளில் பறை, சட்டைப் பையில் நாலாய் மடித்த தாள். அவர் பாடிய எதுவும் எந்தப் பத்தாண்டின் பட்டியலிலும் இல்லை. பட்டியல்கள் எப்படி உருவாகின்றன, அவற்றில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்பது அவருக்குச் செலுத்தும் பொருத்தமான அஞ்சலி என்று நினைக்கிறேன்.

முதலில் என் பங்கை ஒப்புக்கொள்கிறேன். கல்லூரியில் படித்த காலத்தில் ‘திரையிசையின் பொற்காலம் எண்பதுகளா, தொண்ணூறுகளா’ என்று பட்டிமன்றம் வைத்தார்கள். நான் எண்பதுகளின் அணி. குத்துப்பாட்டு தமிழ் இசையைக் கெடுத்துவிட்டது என்று உரக்கப் பேசினேன், கைத்தட்டலும் வாங்கினேன். ஊருக்குப் போனதும் அந்தப் பெருமையைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் சாவு வீட்டுக்கும் கோயில் கொடைக்கும் பறை அடித்தே காலத்தை ஓட்டியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ குப்பைன்னு சொன்னியே, அது நம்ம அடிடா” என்றார். அவ்வளவுதான். அன்று எனக்குப் பதில் இல்லை. இந்த உரையை அந்தப் பதிலைத் தேடியதன் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொற்காலம் என்று ஏன் தோன்றுகிறது என்பதற்கு உளவியல் ஒரு விடை வைத்திருக்கிறது. 1989இல் ஹோல்புரூக், ஷிண்ட்லர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், வெவ்வேறு வயதினரிடம் வெவ்வேறு காலத்துப் பாடல்களைப் போட்டுக்காட்டி ஆராய்ந்தார்கள். ஒருவருக்கு ஏறத்தாழ 24 வயதாக இருந்தபோது புகழ்பெற்றிருந்த பாடல்கள்மீதே அவருடைய விருப்பம் உச்சத்தில் இருப்பதைக் கண்டார்கள். அப்படியானால் பொற்காலம் என்பது பெரும்பாலும் நம் இளமையின் பெயர். இந்த விடை சரிதான், ஆனால் போதாது. நம் இளமை நமக்கு இனிக்கிறது என்பதை அது விளக்குகிறது. பிறருடைய பாட்டை ஏன் குப்பை என்கிறோம் என்பதை விளக்கவில்லை. அதற்கு வரலாற்றைத்தான் பார்க்க வேண்டும்.

இன்று எல்லோரும் கையெடுத்துக் கும்பிடும் ஐம்பதுகளையே எடுத்துக்கொள்வோம். ஜி. ராமநாதன், கே. வி. மகாதேவன், விஸ்வநாதன்–ராமமூர்த்தி ஆகியோர் இசையமைத்த காலம். அந்தப் பத்தாண்டைப் பற்றி அன்றைய அரசு என்ன நினைத்தது? 1952இல் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானவர் பி. வி. கேஸ்கர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது, சாஸ்திரிய சங்கீதமே அவர்களை உயர்த்தும் என்பது அவருடைய கொள்கை. அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கான நேரம் சுருக்கப்பட்டது. கேட்கிறவர்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போனார்கள். கடைசியில் அரசே இறங்கிவந்து 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. இன்று பொற்காலம் என்று போற்றப்படும் பத்தாண்டு, அது நடந்துகொண்டிருந்தபோதே அரசால் கீழ்த்தரம் என்று ஒதுக்கப்பட்டது. குப்பை பொன்னாவதற்கு நாற்பது, ஐம்பது ஆண்டுகள் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேஸ்கர் ஒரு பாட்டைக் கேட்டு அது மோசம் என்று சொல்லவில்லை. ஒரு வகையையே மோசம் என்றார். இசையில் மேல் எது, கீழ் எது என்ற வரிசை அவருக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. கோயிலும் சபாவும் மேலே, தெருவும் கொட்டகையும் கீழே, சேரி கணக்கிலேயே இல்லை. ஊரின் வரைபடமும் இசையின் வரைபடமும் ஒன்றாக இருப்பதைத் தற்செயல் என்று நம்மால் நம்ப முடியுமா?

அடுத்து எண்பதுகளின் பொற்காலத்துக்கு வருவோம். அதன் தொடக்கம் 1976. ‘அன்னக்கிளி’யின் வழியே கிராமத்து மெட்டும் தாளமும் திரைக்கு வந்தன. பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்ட ஒருவர் மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் கர்நாடக இசையையும் நாட்டுப்புற இசையையும் ஒரே தாளில் எழுதினார். அது நமக்குத் தந்த தலைநிமிர்வைச் சொல்லித் தீராது. அவர்மீது எந்தச் சாதிப் பெயரையும் சுமத்துவது என் வேலையல்ல, கலைஞரை அப்படிச் சிறைவைக்கவும் கூடாது. நான் கவனப்படுத்த விரும்புவது அந்தக் குடும்பத்தின் இன்னொருவரை. இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் மேடைகளில் ஊர் ஊராகப் பாடியவர். தம்பிகள் அவருடன் வாசித்தே மேடை பழகினார்கள். தம்பியின் பாட்டு ஒரு பத்தாண்டுக்கே பெயராகிவிட்டது. அண்ணனின் மேடைப் பாட்டை எந்தப் பொற்காலப் பட்டியலும் குறிப்பிடுவதில்லை. ஒரே வீடு, ஒரே தாளம். ஒன்று இசைத்தட்டில் ஏறியது, மற்றொன்று காற்றோடு போயிற்று. பத்தாண்டு என்று நாம் சொல்வது இசையின் காலத்தை அல்ல, பதிவான இசையின் காலத்தை. பதிவு செய்யும் கருவி யார் கையில் இருந்தது என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி, குப்பைக் காலம் என்று சொல்லப்படும் கானா, குத்துப் பாட்டின் காலம். வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு என்று வடசென்னையின் உழைக்கும் தெருக்களில் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்பட்டது கானா. இறந்தவரின் வாழ்க்கையைச் சொல்லி அழவைக்கவும் சிரிக்கவைக்கவும் தெரிந்த கலை அது. வாத்தியம் இல்லாவிட்டால் மேசையே தாளமாகும். தொண்ணூறுகளில் தேவாவின் இசையில் அது திரைக்குள் பரவலாக வந்தது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ படத்தில் கானா உலகநாதன் தானே திரையில் தோன்றிப் பாடியபோது தமிழ்நாடே முணுமுணுத்தது. அப்போதும் ‘பாட்டா இது’ என்ற முணுமுணுப்பு கூடவே வந்தது. ஆடுவதற்கு இந்தத் தாளம் வேண்டும், கல்யாண ஊர்வலத்துக்கும் கல்லூரி விழாவுக்கும் தேர்தல் வெற்றிக்கும் வேண்டும். ஆனால் இசை என்று பட்டியல் போடும்போது அது வேண்டாம். உழைப்பை எடுத்துக்கொண்டு உழைத்தவரை வாசலில் நிறுத்துவது நமக்குப் புதிதா?

இது தமிழ்நாட்டுக்கு மட்டும் உரிய கதை அல்ல. 1979 ஜூலை 12, அமெரிக்காவின் சிகாகோ நகரம். கோமிஸ்கி பார்க் என்ற பேஸ்பால் மைதானத்தில், ஒரு டிஸ்கோ இசைத்தட்டும் 98 சென்ட்டும் கொண்டுவந்தால் உள்ளே விடுவோம் என்று அறிவித்தார்கள். ஏறத்தாழ 50,000 பேர் திரண்டார்கள். இரண்டு ஆட்டங்களுக்கு இடையே அந்த இசைத்தட்டுகளைக் குவித்து வெடிவைத்துத் தகர்த்தார் ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர். கூட்டம் மைதானத்துக்குள் புகுந்தது, இரண்டாம் ஆட்டம் நடக்கவே இல்லை. டிஸ்கோ கறுப்பின மக்கள், லத்தீன் அமெரிக்கர்கள், தற்பால் ஈர்ப்பினர் கூடிய நடன விடுதிகளில் வளர்ந்த இசை. அதில் வணிகச் சரக்கும் நிறைய இருந்தது உண்மை. ஆனால் அன்று மைதானத்தில் வேலை பார்த்த வின்ஸ் லாரன்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ஒன்றைக் கவனித்தார். குவிந்தவற்றில் டிஸ்கோவே அல்லாத, கறுப்பர்கள் பாடியது என்ற காரணத்துக்காகவே கொண்டுவரப்பட்ட தட்டுகளும் இருந்தன. பின்னாளில் அவர் அதைச் சொன்னபோதுதான் ‘ரசனை’யின் பெயரால் எரிந்தது என்ன என்பது பலருக்கும் உறைத்தது. அதே சிகாகோவில் சில ஆண்டுகளில் ஹவுஸ் என்ற புதிய நடன இசை பிறந்தது. அதன் முன்னோடிகளில் ஒருவர் அதே வின்ஸ் லாரன்ஸ்.

இன்னொரு செய்தி, கணக்கெடுப்பைப் பற்றியது. அமெரிக்காவின் பில்போர்டு பட்டியல் நெடுங்காலம் கடைக்காரர்கள் சொல்லும் தகவலை நம்பியே தயாரானது. 1991 மே மாதம் முதல் விற்பனைக் கணினியில் பதிவாகும் உண்மையான எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த சில வாரங்களிலேயே என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் தொகுப்பு முதலிடத்துக்கு வந்தது. மக்கள் திடீரென்று மாறிவிடவில்லை, எண்ணும் முறை மாறியது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, 1960 முதல் 2010 வரையிலான சுமார் 17,000 அமெரிக்கப் பாடல்களைக் கணினியில் அலசி, மிகப் பெரிய இசைப் புரட்சி நடந்த ஆண்டு 1991 என்று கண்டது. ராப் இசை பட்டியலுக்குள் வந்த காலம் அது. சாதிவாரிக் கணக்கெடுப்பு ஏன் வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு இந்த உதாரணத்தையும் சொல்லலாம்.

இவ்வளவு சொன்ன பிறகு, கீழிருந்து வந்தது எல்லாமே உயர்ந்தது என்று முடித்துவிட்டால் வேலை சுலபம். அது நேர்மையல்ல. 2000களின் குத்துப்பாட்டுகள் பலவற்றில் பெண் வெறும் உடம்பு. மறுத்த பெண்ணைத் திட்டும் பாட்டுக்குக் கானாவின் தாளத்தைக் கொடுத்தார்கள், கானாக்காரர்களும் பாடினார்கள். இதைக் கூட்டங்களில் எழுப்பிய நம் தோழியரிடம், “நம் கலையை நீங்களே குறை சொல்லலாமா?” என்று கேட்டவர்களில் நானும் ஒருவன். தவறு. தாளத்தை இழிவுசெய்வது சாதி. சொல்லை விமர்சிப்பது அரசியல். இரண்டையும் பிரித்தறியத் தெரியாதபோது ஒருபுறம் சாதியின் ரசனைக்கும் மறுபுறம் ஆணின் வசைக்கும் காவல் நின்றுவிடுகிறோம். ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி மேடையேறிப் பாடியபோது, தாளத்தை விடாமலேயே சொல்லை மாற்ற முடியும் என்பதைக் கண்ணால் பார்த்தோம். தமிழ்நாட்டின் ஒரு கானாப் பாடகி 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். வாதத்தைவிட அந்தக் குரல் வேகமாக வேலை செய்தது.

பட்டியலுக்கு வெளியே ஓடும் வரலாறு ஒன்றும் நமக்கு இருக்கிறது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரிக்கப்பட்ட கொடுமையிலிருந்து இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’ எந்தப் படத்துக்காகவும் எழுதப்பட்டதல்ல. கே. ஏ. குணசேகரன் அதை மேடை மேடையாகப் பாடினார். அந்தப் பாட்டைக் கேட்டு இயக்கத்துக்கு வந்தவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறீர்கள். 2016இன் தொடக்கத்தில் குணசேகரனையும் அதே ஆண்டின் இறுதியில் இன்குலாப்பையும் இழந்தோம். மகாராட்டிரத்தில் வாமன்தாதா கர்டக் போன்றோர் அம்பேத்கரைப் பாடிய பாடல்கள் தலைமுறைகளைக் கடந்து தெருவில் ஒலிக்கின்றன. 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது கானாவும் ராப்பும் ராக்கும் ஒன்றாக நின்று இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடின. 2021இல் வந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யில் அறிவு தன் பாட்டியின் தேயிலைத் தோட்ட வாழ்வை உலகமே கேட்கும்படி எழுதினார். அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் அவர் இடம்பெறாதது பெரும் விவாதமானது. கருவி நம் கைக்கு வந்த பிறகும் பெயர் எங்கே என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எந்தப் பத்தாண்டு சிறந்தது என்ற சண்டையை விட்டுவிடச் சொல்லவில்லை. சண்டை போடுங்கள். ஆனால் போடும்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் யார் நுழைய முடிந்தது? பட்டியலை எழுதியவர் எந்தத் தெருவில் குடியிருந்தார்? நாம் மோசம் என்று சொல்வது பாட்டின் சொல்லையா, அதை அடிக்கும் கையையா?

இன்னொன்று, இது வேண்டுகோள். நம் தோழரின் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. அதில் இரண்டு நோட்டுகளும் பதினோரு ஒலிநாடாக்களும் உள்ளன. நாடாக்களில் சில பூஞ்சை பிடித்துவிட்டன. நோட்டில் பாட்டு இருக்கிறது, மெட்டு இல்லை. மெட்டு தெரிந்தவர்கள் இன்னும் நாலைந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள், எல்லோருக்கும் எழுபது கடந்துவிட்டது. இந்த அரங்கிலுள்ள ஒவ்வொரு மாணவரிடமும் செல்பேசி இருக்கிறது. உங்கள் ஊரில் இப்படிப் பாடியவர்களிடம் போங்கள். பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கூட்டம், யார் எழுதியது, யார் பறை அடித்தது என்று பெயரோடு எழுதிவையுங்கள். பெண்கள் நடவிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடியதையும் விட்டுவிடாதீர்கள்.

என் பெரியப்பாவின் அடியை நான் பதிவு செய்யவில்லை. பொற்காலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அதைச் செய்திருக்கலாம். நீங்கள் செய்யுங்கள்.

ஜெய்பீம்.