காற்றை எங்கே போய் நிரப்புவது?

ஏர் கன் என்றதும் பொருட்காட்சியில் பலூன் சுடுவதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் 18-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு பேரரசின் படை காற்றுத் துப்பாக்கியோடு போருக்குப் போயிருக்கிறது. அது நிலைக்காமல் போனதற்கு ஒரு பெரிய காரணம், அதில் காற்று அடைக்கும் வேலை!

அந்தப் படை ஆஸ்திரியாவுடையது. ஜிரார்டோனி என்பவர் வடிவமைத்த துப்பாக்கியை அது 1780-இல் ஏற்றுக்கொண்டது. அந்தக் காலத்து மஸ்கெட்டில் வெடிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் குத்தி, நிமிடத்துக்கு மூன்று முறை சுட்டாலே கெட்டிக்காரன். ஜிரார்டோனியிலோ பக்கவாட்டுக் குழாயில் சுமார் 20 குண்டுகள் வரிசையாக இருக்கும். புகை கிடையாது. மழையில் நனைந்து வீணாக வெடிமருந்தும் கிடையாது. கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா?

சரி, காற்று? துப்பாக்கியின் பின்கட்டையே ஓர் இரும்புக் குடுவை. அதைக் கழற்றி, கை பம்பில் மாட்டி, ஏறக்குறைய 1500 முறை அடிக்க வேண்டும். அப்போதுதான் அழுத்தம் சுமார் 55 பார் வரும். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். இத்தனை பாடுபட்டு நிரப்பினால் உருப்படியாகக் கிடைப்பது 30 வேட்டுகள். எதிரி வருகிற நேரத்தில் யார் 1500 முறை அடிப்பது? அதனால் வீரனுக்கு உபரிக் குடுவைகள் கொடுத்தார்கள். பிறகு வண்டியில் ஏற்றிய பெரிய பம்பும் வந்தது. துப்பாக்கி போகும் இடமெல்லாம் பம்பு வண்டியும் போக வேண்டும்! போதாக்குறைக்குத் தோல் வளையம் காய்ந்தால் காற்று கசியும். 1815 வாக்கில் படை இதைக் கைகழுவியது.

அமெரிக்காவில் 1803-இல் தொடங்கிய லூயிஸ் - கிளார்க் பயணத்திலும் ஒரு காற்றுத் துப்பாக்கி இருந்தது. அது ஜிரார்டோனிதான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். வழியில் சந்தித்த பூர்வகுடிகளுக்குச் சுட்டுக்காட்டி அசத்தவே அது அதிகம் பயன்பட்டது. வேடிக்கை காட்டும் ஒற்றைத் துப்பாக்கிக்கு ஆற அமர பம்பு அடிக்கலாமே.

பம்பே வேண்டாம் என்று கிளம்பியவர் பிரான்சின் பால் கிஃபார்ட். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர் திரவ கார்பன் டை ஆக்சைடைத் துப்பாக்கியில் வைத்தார். 20 டிகிரி வெப்பத்தில் அதன் அழுத்தம் தானாகவே சுமார் 57 பார். ஆஸ்திரிய வீரன் 1500 முறை அடித்துப் பெற்றது இதில் சும்மாவே கிடைத்தது! ஆனால் குளிரில் சிக்கல். பூஜ்ஜியம் டிகிரியில் அது 35 பாருக்கு இறங்கிவிடும். வேகமாகச் சுட்டாலும் வாயு குளிர்ந்து குண்டு தாழப் போகும்.

1984-இல் ஏர் ரைபிளும் 1988-இல் ஏர் பிஸ்டலும் ஒலிம்பிக்கில் நுழைந்தன. மில்லிமீட்டரில் பதக்கம் தீர்மானமாகும் இடத்தில் இந்த ஏற்ற இறக்கம் சரிப்படுமா? 1990-களில் போட்டியாளர்கள் அழுத்தக் காற்றுக்கு மாறினார்கள். இம்முறை நிரப்புவது சுலபமாக இருந்தது. ஏனென்றால் கடலில் மூழ்குவோருக்காக, 200 பாரில் உலர்ந்த காற்று அடைத்துத் தரும் கடைகள் ஏற்கெனவே இருந்தன. அந்த சிலிண்டரிலும் ஒரு குறை உண்டு. அது 150 பாருக்கு இறங்கிவிட்டால் துப்பாக்கியிலும் 150-க்கு மேல் ஏறாது. உள்ளே காற்று நிறைய மிச்சமிருந்தும் கடைக்குத் தூக்கிப்போக வேண்டியதுதான்.

உலர்ந்த நைட்ரஜனும் நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆக்சிஜன் சிலிண்டர் பக்கம் மட்டும் போகவே கூடாது. உயர் அழுத்த ஆக்சிஜன் எண்ணெய், கிரீஸ் மீது பட்டால் தீப்பொறிகூட இல்லாமல் பற்றி வெடிக்கும். துப்பாக்கிக்குள் இருப்பதோ எண்ணெய் தடவிய பாகங்கள்.

கடை தொலைவில் இருப்பவர்களுக்காக இப்போது மூன்று கட்டமாக அழுத்தும் கை பம்பு விற்கிறது. 200 பார் வரை ஏற்றலாம். வியர்வை மட்டும் 1780-இல் இருந்த அதே வியர்வைதான்.