89 அடியில் இரண்டு கப்பல்கள்

அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில் நியூ பெட்ஃபோர்ட் என்றொரு துறைமுக ஊர். அங்குள்ள திமிங்கில வேட்டை நூதனசாலையில் ஒரு மொடல் கப்பல் இருக்கு. மொடல் என்றதும் கண்ணாடி அலுமாரிக்குள்ள வைக்கிற சாமான் என்று நினைச்சிராதீங்க. முன்னால நீட்டின கம்பத்தின் நுனியிலிருந்து பின்னால நீட்டின கம்பத்தின் நுனி வரை 89 அடி. ஏறி நடக்கலாம்.

அதன் பேர் லகோடா. உண்மையான லகோடா 1826இல் கட்டப்பட்டது. ரஷ்யாவின் லடோகா ஏரியின் பேரை வைக்கப்போய் எழுத்து இடம்மாறிப் போனதாகச் சொல்லுவாங்க. சரக்குக் கப்பலாகப் பிறந்ததை 1841இல் ஜொனதன் போர்ன் என்ற முதலாளி வாங்கித் திமிங்கில வேட்டைக்கு மாற்றினார். அது அவருக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தது. கடைசியில் ஜப்பானில் நிலக்கரி நிரப்பி வைக்கும் வெறுங்கூடாகக் கிடந்து, 1899இல் எரிக்கப்பட்டது. பிறகு முதலாளியின் மகள் எமிலி போர்ன், வாப்பாவின் நினைவாக அதே கப்பலைச் சரிபாதி அளவில் செய்ய வைத்தார். முதலில் கட்டடம், பிறகு அதற்குள்ளேயே கப்பல். 1915இல் தொடங்கி 1916இல் முடிந்தது.

அந்தக் காலத்தைக் கவனியுங்க. 1859இல் பென்சில்வேனியாவில் பெற்றோலியம் தோண்டத் தொடங்கியதிலிருந்தே திமிங்கில எண்ணெய் விளக்குக்கு மவுசு குறைஞ்சுகொண்டே வந்தது. 1915இல் அந்தத் தொழில் சாகக் கிடக்குது. ஆனால் பாய்க்கப்பல் கட்டத் தெரிந்த தச்சர்களும் கயிறு கட்டத் தெரிந்த ஆட்களும் இன்னும் உயிரோட இருக்காங்க. அவங்களேதான் இந்த மொடலைச் செய்தாங்க. இருபது வருஷம் பிந்தியிருந்தால் பணம் இருந்திருக்கும், கை இருந்திருக்காது.

மேசையில வைக்கிற சின்ன மொடல்கள் வேற உலகம். அதற்குப் பலரும் எடுத்துக்கொள்வது சார்ள்ஸ் டபிள்யூ. மோர்கன் என்ற கப்பலை. 1841இல் நியூ பெட்ஃபோர்டில் தண்ணியில இறங்கி, 80 வருஷத்தில 37 பயணம் போய் வந்தது. இன்றும் மிஸ்டிக் என்ற ஊரில் மிதக்குது. அதை 64இல் ஒரு பங்காகச் செய்யும்போது முதலில் அடிமரம், அதன்மேல் விலா எலும்பு போலக் குறுக்குச் சட்டங்கள், பிறகு ஈர்க்கு மாதிரி மெல்லிய பலகைகளை நனைத்து, வளைத்து, ஒவ்வொன்றாக ஒட்டி வரணும். இதுவரைக்கும் எந்தக் கப்பலுக்கும் இதேதான். திமிங்கிலக் கப்பலில் ஆளைச் சோதிப்பது அதன் பக்கவாட்டில் தொங்கும் வேட்டைப் படகுகள். உண்மையில் 28 அடி நீளமான படகு மொடலில் ஐந்தேகால் அங்குலம். அதற்குள்ள துடுப்பு, ஈட்டி, தொட்டியில் சுருட்டி வைத்த கயிறு எல்லாம் இருக்கணும். அந்தக் கயிறு சிக்கினால் ஆளை இழுத்துக்கொண்டு போயிரும் என்பதால், வேட்டைக்காரன் சுருள் சுற்றுவதில் அப்படிக் கவனமாக இருப்பான். மொடல் செய்கிறவனும் ஊசி நூலில் அதையே சுற்றுறான்.

இன்னொரு அடையாளம் மேல்தளத்தில் கட்டிய செங்கல் அடுப்பு. மரக்கப்பலுக்கு நடுவில நெருப்பு! இரண்டு பெரிய இரும்புக் கொப்பரைகளில் கொழுப்பைப் போட்டு நடுக்கடலிலேயே எண்ணெய் காய்ச்சினார்கள். மொடலில் அந்த அடுப்பு சின்னப் பொம்மை வீடு மாதிரி அழகாக இருக்கும். எனக்கு இந்தக் கலையில் இடறுகிற இடம் இதுதான். மொடலில் புகையில்லை, இரத்தமில்லை, நாற்றமில்லை. கயிற்றில் ஒரு முடிச்சுப் பிழைத்தால் பார்க்கிறவர்கள் பிடிச்சிருவாங்க. கப்பல் எதற்குக் கட்டப்பட்டது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போயிரும்.

நம்மட கடலும் இதற்கு வெளியே இல்லை. அமெரிக்கக் கப்பல்களின் நாட்குறிப்புகளிலிருந்து டவுன்செண்ட் என்பவர் 1935இல் வெளியிட்ட வேட்டை வரைபடங்களில் இலங்கைக் கரையும் இருக்கு. 1960களில் சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் நீலத் திமிங்கிலங்களை இரகசியமாக வேட்டையாடின. 1979இல்தான் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இன்று திருகோணமலையில் காசு கட்டித் திமிங்கிலம் பார்க்கப் போறோமே, அது தப்பிப் பிழைத்தவற்றின் சந்ததி.

இனி இரண்டாவது 89 அடி. 1930இல் வல்வெட்டித்துறையில் சுந்தர மேஸ்திரியார் தலைமையில் வேப்பமரத்தால் ஒரு பாய்க்கப்பல் கட்டினார்கள். பேர் அன்னபூரணி. உடல் நீளம் 89 அடி. லகோடா மொடலின் கணக்கில் வெளியே நீட்டின கம்பங்களும் சேரும் என்பதால் அன்னபூரணிதான் பெரிசு, அது தனிக்கதை. உலகைச் சுற்றிவந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ரொபின்சன் இந்தக் கப்பலில் மயங்கி அதை வாங்கினார். மனைவியின் பேரைச் சேர்த்துப் புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று மாற்றினார். தண்டையல் தம்பிப்பிள்ளையும் ஊர் மாலுமிகளும் 1937இல் அதை ஓட்டிக்கொண்டு புறப்பட்டாங்க. சூயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா என்று போய், 1938 ஓகஸ்ட் 1ஆம் திகதி குளோஸ்டரில் சேர்ந்தார்கள். குளோஸ்டர் இருப்பதும் அதே மசாச்சுசெட்ஸ் மாநிலத்தில்தான். லகோடாவின் பாதியளவு மொடல் செய்து முடிந்து 22 வருஷம் ஆகியிருந்த அந்த நேரம், அதே கரைக்கு நம்மட தச்சர் கட்டிய முழுக்கப்பல் பாய் விரித்து வந்து சேருது. அவர்களுக்குப் பாய்க்கப்பல் நூதனசாலைச் சாமான். வல்வெட்டித்துறைக்கு அது இன்னும் பிழைப்பு.

இலங்கையில் மொடல் ஒன்றே சாட்சியாக நின்ற கதையும் உண்டு. தென்கரையில் யாத்ரா தோணி என்று ஒரு சரக்குக் கலம் ஓடியது. ஆணி இல்லாமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து, ஒரு பக்கம் மிதவை கட்டியது. மாலைதீவுக்கும் இந்தியாவுக்கும் போய் வந்தது. கடைசி யாத்ரா 1930 அளவில் மாலைதீவுப் பாரில் மோதி அழிந்தது. தொடந்துவ குமாரகந்த விகாரையில் பழைய மொடல் ஒன்று மிஞ்சியிருந்தது. 1990களில் டொம் வொஸ்மர் என்ற ஆய்வாளர் அதை அளந்து, அதிலிருந்துதான் கலத்தின் வடிவத்தை வரைந்து காட்டினார். செய்தவர் ஒரு பலகையை அழகுக்காக மாற்றியிருந்தால் அந்தப் பிழையும் சரித்திரமாகியிருக்கும். அதனால்தான் அளவு சுத்தமாக இருக்கணும் என்று மொடல்காரர்கள் சண்டை பிடிப்பதை நான் வெறும் கிறுக்கு என்று தள்ளுவதில்லை.

ஓட்டமாவடியில் கதவு, கட்டில் செய்கிறவரை நாம ஓடாவி என்றுதான் கூப்பிடுறோம். பழைய அகராதிகளில் அந்தச் சொல்லுக்கு மரக்கலம் செய்பவன் என்ற பொருளும் இருக்கு. கேரளத்தில் பேப்பூர்க் கப்பல் தச்சருக்கும் கிட்டத்தட்ட இதே பேர். சொல் நம்மட வாயில் இருக்கு, தோணி ஆற்றங்கரையில் குறைஞ்சு போச்சு. வாழைச்சேனைத் துறையில் கண்ணுக்குப் படுவதெல்லாம் பைபர் போட்.

மரத்தோணி எங்கயாவது கவிழ்த்துக் கிடந்தால் அளப்பது கஷ்டமில்லை. முனையிலிருந்து முனைக்கு நேராக ஒரு கயிறு கட்டுங்க. ஒவ்வொரு அடிக்கும் அகலம், ஆழம், இரண்டையும் அளந்து எழுதுங்க. பலகைத் தடிப்பு, மரத்தின் பேர், பலகைகளைத் தைத்ததா ஆணி அடித்ததா, எல்லாம் குறிக்கணும். முக்கியமாக, ஒவ்வொரு துண்டையும் தொட்டுக் காட்டி, வயசான ஓடாவி ஒருவரிடம் அதற்கு என்ன பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்க.