தண்ணீர் தெளிக்கும் ஆண்... தலையைத் திருப்பும் பெண்! தருமபுரி ஏரிகளில் வாத்துகள் ஜோடி சேரும் கதை

பாலக்கோடு பக்கமோ பாப்பிரெட்டிப்பட்டி பக்கமோ பைக்கில் போகும்போது ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, ஒரு செல்ஃபி, ஒரு ஸ்டேட்டஸ், அவ்ளோதான்னு கிளம்புற ஆளா நீங்க? அடுத்த முறை கூடுதலாக ஒரு அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தூரத்தில் சும்மா மிதப்பதுபோலத் தெரியும் ஏழெட்டு வாத்துகளுக்குள், யார் யாரோடு சேரப்போகிறார்கள் என்ற பெரிய விஷயம் முடிவாகிக்கொண்டிருக்கலாம். கூட்டத்தில் அதிகம் சீன் போடுவது ஆண்கள்தான். ஆனால், கடைசி வார்த்தை பெண்ணுடையது!

எங்கே, எப்போது பார்க்கலாம்?

வறட்சி மாவட்டம் என்று பெயர் வாங்கியிருந்தாலும், தருமபுரியில் தண்ணீர் தேங்கும் இடங்கள் நிறையவே உண்டு. பஞ்சப்பள்ளி சின்னாறு அணை, தும்பலஹள்ளி அணை, நாகாவதி, தொப்பையாறு, வாணியாறு அணைகள், தருமபுரி நகரையொட்டிய ராமக்காள் ஏரி என்று பட்டியல் நீளும். உங்கள் ஊர் ஏரியில் தண்ணீர் நின்றால் அதுவே போதும்.

செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல சீஸன். நம் ஊரிலேயே வருடம் முழுக்க வாழும் புள்ளிமூக்கு வாத்து, தென்னிந்தியாவில் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரை ஒட்டி முட்டையிடும். மழை முன்பின் ஆனால் அதுவும் மாறும். அதற்கு முந்தைய வாரங்களில்தான் ஜோடி தேடும் பரபரப்பு. வடக்கிலிருந்து வலசை வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன், கிளுவை, நாமத்தலை வாத்து போன்றவற்றுக்கு டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பாருங்கள். இவை முட்டையிடுவது ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால், ஜோடி சேர்வதில் பெரும்பகுதி, குளிர்காலத்தைக் கழிக்க வந்த ஏரிகளிலேயே நடந்துவிடும். பெண் தன் சொந்த ஊருக்குத் திரும்பும். தேர்வான ஆண் அதன் பின்னால் போகும். அதாவது, மாப்பிள்ளைதான் பொண்ணு ஊருக்குப் போகணும்!

அக்டோபரில் போய்விட்டு, ‘எல்லாமே பெண் வாத்தா இருக்கே’ என்று குழம்ப வேண்டாம். இனப்பெருக்கம் முடிந்ததும் வலசை வாத்துகளில் ஆண்கள் தங்கள் பளபள இறகுகளை உதிர்த்துவிட்டு, பெண் போன்ற மங்கலான நிறத்துக்கு மாறிவிடும். புது இறகு முளைத்து ‘மாப்பிள்ளை கெட்டப்’ வர டிசம்பர் ஆகிவிடும். நீலச்சிறகி இன்னும் லேட். அதன் ஆணுக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை பளிச்சென்று தெரிய பிப்ரவரிகூட ஆகலாம்.

முதலில் ஆண் யார், பெண் யார்?

ஊசிவால் வாத்தில் பிரச்னையே இல்லை. ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, வெள்ளை மார்பு, நீளமான கூர்வால். பெண் முழுக்கப் பழுப்பு. தட்டைவாயனில் ஆணுக்குப் பச்சைத் தலை, கரண்டி போன்ற அலகு. பெண்ணுக்கும் அதே கரண்டி அலகு, ஆனால் பழுப்பு உடம்பு.

புள்ளிமூக்கு வாத்துதான் கொஞ்சம் டெஸ்ட் வைக்கும். ஆண், பெண் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி. கறுப்பு அலகின் நுனியில் மஞ்சள் நிறம் இரண்டுக்கும் இருக்கும். அலகு தொடங்கும் இடத்தில் இருக்கும் சிவப்புப் புள்ளியைப் பாருங்கள். ஆணுக்குப் பெரிதாக, பளிச்சென்று இருக்கும். பெண்ணுக்குச் சிறிதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. காதையும் பயன்படுத்தலாம். ‘க்வாக்... க்வாக்...’ என்று சத்தமாகக் கத்துவது பெண். ஆணின் குரல் கரகரப்பாக, அடக்கமாக இருக்கும்.

ஆண்கள் என்னென்ன செய்யும்?

வாத்துகளின் இந்த அசைவுகளை இனம் இனமாக ஒப்பிட்டு 1941-ல் விரிவாக எழுதியவர், ஆஸ்திரிய விஞ்ஞானி கொன்ராட் லோரன்ஸ். விலங்குகளின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர். நெருங்கிய உறவுள்ள வாத்து இனங்களில் ஒரே மாதிரி ‘ஸ்டெப்ஸ்’ திரும்பத் திரும்ப வருவதை அவர் கவனித்தார். புள்ளிமூக்கு வாத்தும், உலகப் புகழ்பெற்ற பச்சைத்தலை மல்லார்டும் நெருங்கிய சொந்தம். அதனால், இவற்றின் ஸ்டெப்ஸும் கிட்டத்தட்ட ஒன்றே.

தண்ணீர் தெளிப்பு: ஆண் தன் அலகு நுனியைத் தண்ணீரில் வைத்து, பெண் இருக்கும் பக்கம் சின்னதாகத் தண்ணீரைச் சிதறவிட்டபடி உடம்பை வில்லாக வளைத்து எழும்பும். கூடவே ஒரு விசில் சத்தம். ஒரு நொடிதான், கண் சிமிட்டினால் போச்சு.

தலையும் வாலும்: தலையைப் பின்னுக்கு இழுத்து உயர்த்தி, வாலையும் தூக்கிச் சட்டென்று குட்டையாகிவிடும். அடுத்த நொடி, அலகைத் தான் விரும்பும் பெண்ணை நோக்கித் திருப்பும். பல ஆண்கள் இருக்கும் இடத்தில் எந்தப் பெண்ணுக்காக இவ்வளவும் என்பதைக் கண்டுபிடிக்க, அலகு திரும்பும் திசையைப் பாருங்கள்.

பொய்க் கோதல்: இறகைக் கோதுவதுபோல அலகைச் சிறகுக்குள் விடும். உண்மையில் சுத்தம் செய்யவில்லை. சிறகில் இருக்கும் மின்னும் பச்சைப் பட்டை தெரிய வேண்டும், அதுதான் நோக்கம்.

பெண் எப்படி ‘ஓகே’ சொல்லும்?

இதுதான் பலரும் தவறவிடும் காட்சி. பெண் தனக்குப் பிடித்த ஆணின் பக்கத்தில் நீந்திக்கொண்டே, வேண்டாத ஆண் இருக்கும் திசையில் தோளுக்கு மேலாக அலகை மீண்டும் மீண்டும் திருப்பும். கூடவே விட்டுவிட்டு ஒரு குரல். ‘நான் இவனோட இருக்கேன், நீ கிளம்பு’ என்று நாம் மொழிபெயர்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் இருக்கும் ஆண், வேண்டாதவனை விரட்டப் போகிறதா என்று கவனியுங்கள். ஜோடி உறுதியாகிறதா என்பதற்கு அது நல்ல அறிகுறி.

பிறகு இருவரும் எதிரெதிரே நின்று தலையை மேலும் கீழுமாக ஆட்டினால், இணைசேரப் போகிறார்கள் என்று அர்த்தம். இந்தத் தலையாட்டலில் இரண்டு பேரும் பங்கெடுக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

பெண் எதைப் பார்த்துத் தேர்வு செய்கிறது? ஊசிவால் வாத்துகள் பற்றி லிசா சோரன்சன், ஸ்காட் டெரிக்சன் இருவரும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு சுவாரஸ்யமானது. ஆண்கள் தங்களுக்குள் போட்டி போட்டு ஜெயிப்பதைவிட, பெண்ணின் விருப்பமே ஜோடியைத் தீர்மானிப்பதில் முக்கியம் என்றது அது. வெள்ளை மார்பு போன்ற அழகோடு, தன்னைவிட்டு விலகாமல் கவனம் செலுத்தும் ஆணையும் பெண்கள் விரும்பின. மல்லார்டுகளில் ஆணின் அலகு நிறத்துக்குப் பெண்கள் மதிப்பெண் போடுவதாக 1996-ல் வெளியான இன்னோர் ஆய்வு சொன்னது.

கவனிப்பு ஏன் முக்கியம்? முட்டை உருவாகப் பெண்ணுக்கு நிறைய சத்து வேண்டும். அது தலையைத் தண்ணீருக்குள் விட்டு நிம்மதியாக இரை தேட, மற்ற ஆண்கள் தொந்தரவு செய்யாமல் ஒருவன் காவல் நிற்க வேண்டும். டான்ஸ் ஆடுவது ஒரு நாள் வேலை, காவல் நிற்பது பல வார வேலை!

எல்லாமே ரொமான்ஸ் இல்லை

பெண் தப்பிக்கப் பார்க்க, ஆண்கள் துரத்தி வலுக்கட்டாயமாக இணைசேரும் காட்சிகளும் பல வாத்து இனங்களில் உண்டு. அதை ‘க்யூட் லவ்’ என்று கேப்ஷன் போட்டுப் பகிராதீர்கள். பெண் வாத்தின் உடலே இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறது. பாட்ரிசியா பிரென்னன் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு, கட்டாய இணைசேர்க்கை அதிகமுள்ள இனங்களில் பெண்ணின் இனப்பெருக்கப் பாதையில் முட்டுச்சந்துகளும், ஆணுறுப்புக்கு எதிர்த்திசையில் சுழலும் வளைவுகளும் இருப்பதைக் காட்டியது. தேர்வு செய்யும் உரிமையைப் பெண் அவ்வளவு எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.

‘வாழ்நாள் முழுக்க ஒரே ஜோடி’ என்பதும் எல்லா வாத்துகளுக்கும் பொருந்தாது. ஊசிவால் போன்றவை பெரும்பாலும் சீஸனுக்கு ஒரு ஜோடி. ஆனால், சீழ்க்கைச் சிறகியில் ஆண், பெண் இரண்டும் பார்க்க ஒன்றுபோல. பந்தமும் நீண்ட காலம் நீடிக்கும். அடைகாப்பதிலும் ஆணுக்குப் பங்கு உண்டு. இரவில் பிரிந்து தவிக்கும் காதல் ஜோடி என்று நம் இலக்கியங்கள் சொல்லும் சக்கரவாகமும் ஒரு வாத்து இனம்தான். ஆரஞ்சு நிறத்தில், குளிர்காலத்தில் இந்தியா வரும்.

பார்க்கப் போகும் முன்...

* காலை 6:30 முதல் 9 மணிக்குள் செல்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். காலையில் கிழக்குக் கரை, மாலையில் மேற்குக் கரை. அணைகளில் அனுமதி உள்ள இடத்தில் மட்டும் நில்லுங்கள்.

* 8x42 பைனாகுலர் போதும். இல்லையென்றால் நண்பரிடம் கடன் வாங்குங்கள். மொபைல் ஜூமில் சிவப்புப் புள்ளி தெரியாது.

* மேய்ந்துகொண்டிருந்த வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டினால், நீங்கள் ரொம்பக் கிட்டே போய்விட்டீர்கள். அப்படியே உட்காருங்கள், அல்லது பின்வாங்குங்கள்.

* ட்ரோன் வேண்டவே வேண்டாம். பறக்கும் ஷாட்டுக்காகக் கல் எறிவது அதைவிட மோசம். வாத்து வேட்டை, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

* பார்த்ததை இ-பேர்ட் செயலியில் பதிவிடுங்கள். ஜனவரியில் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம்.

ஜோடி சேர்ந்த பிறகு?

புள்ளிமூக்கு வாத்து கூடு வைப்பது மரத்தில் இல்லை, தரையில். ஏரியோரக் கோரைக்கும் புல்லுக்கும் நடுவே 8 முதல் 14 முட்டைகள் வரை இட்டு, சுமார் 24 நாள்கள் பெண் அடைகாக்கும். நாய், கீரி, மனிதர்களின் கால் என எல்லாமே ஆபத்து. ஏரியைச் ‘சுத்தம்’ செய்கிறோம் என்று கரையோரப் புல்லை மொத்தமாக வழித்தெடுத்து, நாலு பக்கமும் நடைபாதை போட்டால் ஏரி பார்க்க அழகாகத்தான் இருக்கும். வாத்துகளும் வரும், ஆடும், ஜோடியும் சேரும். முட்டையிட மட்டும் இடம் இருக்காது.

அதனால், உங்கள் ஊர் ஏரியைத் தூர்வாரும் பேச்சு வந்தால், கிராம சபையில் ஒரு கோரிக்கை வையுங்கள்: ‘ஒரு பக்கக் கரையை மட்டும் புல்லோட அப்படியே விட்டுடுங்க.’ தனக்கான துணையை அந்தப் பெண் வாத்து தானே பார்த்துக்கொள்ளும். அந்த ஒரு பக்கக் கரையை மட்டும் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.