272 கார்களும் ஒரு கைப்பிடி உப்பும்

1984 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சிக்கு ஃபெராரி ஒரு புது காரைக் கொண்டுவந்தது. பெயர் 288 ஜிடிஓ. 2,855 சிசி வி8 எஞ்சின், இரண்டு டர்போ, 400 குதிரைத்திறன். குரூப் பி என்ற பந்தயப் பிரிவில் இறங்க வேண்டுமானால் குறைந்தது 200 கார் கட்டியிருக்க வேண்டும் என்பது அன்றைய விதி. அந்த விதிக்காகவே பிறந்த கார் இது. வாங்க ஆள் வரிசையில் நின்றதால் 272 வரை கட்டினார்கள்.

வேடிக்கை என்னவென்றால், எந்தப் பந்தயத்துக்காகக் கட்டினார்களோ அதில் அது ஓடவே இல்லை. 1986 மே மாதம் கோர்சிகா ராலியில் இன்னொரு இத்தாலியக் கார், லான்சியா டெல்டா எஸ்4, சாலையை விட்டு விலகி விழுந்து எரிந்தது. ஓட்டிய ஹென்றி டொய்வோனனும் பக்கத்தில் இருந்த செர்ஜியோ கிரெஸ்டோவும் இறந்தார்கள். அந்த வருடத்தோடு குரூப் பி முடிந்தது. ஓடாத பந்தயத்தின் கார் இன்று ஏலத்துக்கு வந்தால் பல கோடி ரூபாய். 1988 ஆகஸ்டில் என்ஸோ ஃபெராரி இறந்ததும் விலைகள் தாறுமாறாக ஏறின. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அதே வேகத்தில் சரிந்தன. பிறகு மறுபடி ஏறின. கார் என்னவோ அதே கார்தான்.

எனக்கு ஊர் மரக்காணம் பக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலை எங்கள் உப்பளங்களை ஒட்டித்தான் போகிறது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு மஞ்சளும் சிவப்புமாக இத்தாலியக் கார்கள் பறக்கும். டீக்கடை வாசலில் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். ஒருநாள் அக்கா மகன் கேட்டான்: "மாமா, எல்லாமே புதுசாவே போகுதே. கேம்ல வர்ற அந்தப் பழைய ஃபெராரி ஏன் ஒண்ணுகூட வர்றதில்ல?"

நல்ல கேள்வி. பதில் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் எண்பதுகளின் கார் ஒன்றை வெளிநாட்டில் வாங்கி இங்கே இறக்கிவிட முடியாது. பழைய கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் 1950-க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும். நடுவில் பிறந்தவை எதற்கும் வழியில்லை. 2025-ல்தான் இது மாறியது. இப்போது 50 வயதைத் தாண்டிய கார் வரலாம். அப்படிப் பார்த்தால் 1984-ன் கார் 2034-ல்தான் தகுதி பெறும்.

அப்போ எண்பதுகளில் நம் ஊரில் இத்தாலியக் காரே இல்லையா? இருந்தது. தெருவுக்குத் தெரு இருந்தது. பிரீமியர் பத்மினி, நம் வாயில் பியட்டு. அறுபதுகளின் ஃபியட் 1100 டிலைட்தான் எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாற்றிக்கொண்டு பம்பாய் குர்லாவிலிருந்து வந்தது. 1,089 சிசி, சுமார் 40 குதிரைத்திறன். 1969-லேயே ஃபெராரியின் பாதிப் பங்கை வாங்கியிருந்தது ஃபியட். ஆக, நம் கல்யாண வீட்டு வாசலில் நின்ற பத்மினிக்கு ஜிடிஓ தூரத்துச் சொந்தம்.

அந்தப் பத்மினியும் அன்றைக்கு அரிய பொருள்தான். எத்தனை கார் செய்யலாம் என்பதை டெல்லி கொடுக்கும் லைசென்ஸ் முடிவுசெய்தது. பணம் கட்டிப் பதிவுசெய்துவிட்டு ஆட்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். கார் கைக்கு வந்ததும் கூடுதல் விலைக்குத் தள்ளிவிட்டவர்களும் உண்டு. இத்தாலியில் ஒரு கம்பெனி வேண்டுமென்றே குறைவாகச் செய்து அருமையை உண்டாக்கியது. இங்கே அதே அருமையை ஒரு சாதாரணக் குடும்பக் காருக்கு அரசாங்கம் உண்டாக்கிக் கொடுத்தது.

இதில் உப்பு எங்கே வருகிறது என்று கேட்கலாம். எங்கள் கரையில் உப்பைவிட மலிவான பொருள் ஒன்று கிடையாது. கடல்நீரைப் பாத்தியில் விட்டால் மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். அந்த உப்பையே அரிதாக்கிக் காட்டியவர்கள் உண்டு. 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. பிறகு வரி. கழியோரம் தானாகப் பூத்த உப்பை அள்ளினால்கூடக் குற்றம். 1930 ஏப்ரல் 30 அன்று வேதாரண்யத்தில் ராஜாஜி அள்ளியது ஒரு கைப்பிடி. அதற்கும் சிறை. 1947-ல்தான் உப்பு வரி போனது.

அருமை என்பது பொருளுக்குள் இருப்பதாக நாம் நினைக்கிறோம். 272 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு விதி, பத்மினிக்குப் பின்னால் ஒரு லைசென்ஸ், உப்புக்குப் பின்னால் ஒரு வரி. யாரோ ஒருவர் கதவருகே நின்று 'இவ்வளவுதான்' என்று சொன்ன பிறகே விலை பிறக்கிறது.

கதவை மூடுபவர் மனிதர் மட்டுமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் பனி கட்டாமல் இருக்க உப்பைத் தூவுவார்கள். அந்த நாட்டில் லான்சியா பீட்டா கார்களின் அடிப்பாகம் துருப்பிடித்து, 1980-ல் கம்பெனியே பல கார்களைத் திரும்ப வாங்க வேண்டிவந்தது. இன்று நல்ல பீட்டா கிடைப்பது கஷ்டம். அதன் அருமையை உண்டாக்கியதில் உப்புக்கும் பங்கு உண்டு. எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "உப்புக் காத்து சார், தகரத்த ரெண்டு மழைக்குள்ள தின்னுடும். இங்க பழசு எதுவும் தங்காது" என்றார்.

2034-ல் யாராவது ஒரு ஜிடிஓவை இந்தச் சாலையில் ஓட்டிக்கொண்டு வரலாம். அக்கா மகனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கட்டாயம் போனைத் தூக்குவான், நானும் பக்கத்தில் நிற்பேன். ஆனால் அந்தக் கார் ஐப்பசியில் வந்தால் இரண்டு பக்கமும் வெள்ளைக் குவியல் எதுவும் தெரியாது. பாத்திகள் மழைத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும். தை பிறந்து தண்ணீர் வடியும்வரை உப்பு வாருகிறவர்களுக்கு வேலை கிடையாது. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் எது அரிது என்று கேட்டால், ஒருநாள் கூலி என்பார்கள். அதை யாரும் ஏலத்தில் விடுவதில்லை.