சின்னப் பெட்டி, பெரிய சூடு: ஒரு கணினி வரலாறு

கணினி வரலாறுன்னு எழுத உட்கார்ந்தா எல்லாரும் வேகத்தைப் பத்தியே எழுதுறாங்க. எத்தனை மெகாஹெர்ட்ஸ், எத்தனை கோர், எத்தனை டிரான்சிஸ்டர்... இதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு வரலாறு ஓடிட்டு இருக்கு. அது சூட்டோட வரலாறு. அதிலும் சின்னப் பெட்டிக்குள்ளே விளையாட்டுக் கணினியை அடைக்கப் பார்த்தவங்க கதை ரொம்பவே சுவாரசியம். இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். கொஞ்சம் நீளம், டீயோ காபியோ கையில வச்சுக்கிட்டுப் படிங்க :-)

முதல்ல ஒரு சின்னக் கணக்கு. பிராசஸர் வாங்குற மின்சாரம் கிட்டத்தட்ட மொத்தமும் சூடாத்தான் வெளியே வருது. வேற எங்கேயும் போக வழியில்லை. பிராசஸருக்கு 100 வாட், கிராஃபிக்ஸ் கார்டுக்கு 200 வாட்னு வச்சுக்குவோம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 1200 ஜூல் வேணும். உள்ளே போற காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியே வரணும்னா, நொடிக்கு 25 லிட்டர் காற்று ஓடணும். உங்க பெட்டி 10 லிட்டர்னா, உள்ளே இருக்கிற மொத்தக் காற்றும் நொடிக்கு இரண்டரை தடவை மாறணும்! பெரிய டவர் பெட்டியில இது பிரச்சனையே இல்லை. சின்னதுல ஒவ்வொரு கேபிளும் காற்றுக்குக் குறுக்கே நிக்கும்.

ஃபேன் வேண்டாம்னு சொன்னவங்க

இந்தக் கதையில முதல் பலி ஆப்பிள் 3. 1980-ல வந்தது. ஃபேன் சத்தம் பிடிக்காதுன்னு ஸ்டீவ் ஜாப்ஸ் ஃபேனே வைக்க விடலை. கனமான அலுமினிய அடிப்பகுதியே சூட்டை வாங்கி வெளியே விட்டுடும்னு திட்டம். நடந்தது வேற. பெட்டி சூடாகி, சில்லுகள் சாக்கெட்டிலிருந்து கழண்டு வந்துச்சு. ரெண்டு மூணு அங்குலம் தூக்கிப் பொத்துனு கீழே போடுங்க, சில்லு திரும்ப உட்கார்ந்துக்கும்னு வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொன்ன கதை இன்னைக்கும் பிரபலம். முதல்ல விற்ற பெட்டிகளை மாத்திக் கொடுக்க வேண்டியதாப் போச்சு.

இருபது வருஷம் கழிச்சு அதே ஜாப்ஸ், அதே ஆசை. 2000 ஜூலையில ஜி4 கியூப். ஏறக்குறைய 20 செ.மீ. கனசதுரம், ஃபேன் கிடையாது. இந்தத் தடவை நடுவுல ஒரு புகைபோக்கி மாதிரி அமைப்பு. கீழேயிருந்து குளிர்ந்த காற்று நுழைஞ்சு, ஹீட்சிங்கைத் தொட்டுச் சூடாகி, தானா மேலே போயிடும். நம்ம ஊர் செங்கல் சூளை தத்துவம்தான். இது வேலை செஞ்சது! ஏன்னா உள்ளே இருந்த பவர்பிசி ஜி4 (450, 500 மெகாஹெர்ட்ஸ்) அவ்வளவு சூடு விடாது. கியூப் விற்காமப் போனதுக்கு விலையே முக்கியக் காரணம். ஒரு வருஷத்துல, 2001 ஜூலையில, தயாரிப்பை நிறுத்திட்டாங்க. பிற்பாடு அதுல வேகமான பிராசஸர் மாட்டினவங்க அடியில ஒரு ஃபேனையும் சேர்த்து மாட்டிக்கிட்டாங்க. அதுக்கு அடியில இடம் விட்டிருந்தாங்கங்கிறதுதான் வேடிக்கை.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. குளிர்விக்கிற சாமர்த்தியம் பாதி, சூடே குறைவா வர்றது பாதி. இந்தப் பாடத்தை அடுத்த பத்து வருஷம் பெரிய பெரிய ஆளுங்களே மறந்துட்டாங்க.

ஷட்டில் பெட்டியும் வெப்பக் குழாயும்

1993-ல வந்த முதல் பென்டியத்துக்கு (60, 66 மெகாஹெர்ட்ஸ்) அதிகபட்சம் 16 வாட் அளவுதான். அதுக்கே "அடேயப்பா, அடுப்பு!"ன்னு கிண்டல் பண்ணினாங்க. 2000 கடைசியில வந்த பென்டியம் 4, 1.5 கிகாஹெர்ட்ஸில் 55 வாட்டைத் தொட்டுச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் லேன் பார்ட்டி மோகம். நண்பர் வீட்டுக்குக் கணினியைத் தூக்கிட்டுப் போய் ராத்திரி முழுக்க குவேக் ஆடணும். 20 கிலோ டவரைத் தூக்கி முதுகு உடைஞ்சவங்க சின்னப் பெட்டிக்கு ஏங்கினாங்க.

தைவானின் ஷட்டில் நிறுவனம் 2001-ல எஸ்வி24-ஐக் கொண்டு வந்தது. அழகான குட்டி அலுமினியப் பெட்டி. ஆனா கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஏஜிபி ஸ்லாட் இல்லை. 2002-ல வந்த எஸ்எஸ்51தான் நிஜமான திருப்பம். 30 x 20 x 18.5 செ.மீ., அதாவது 11 லிட்டர். அதுக்குள்ளே பென்டியம் 4, ஏஜிபி ஸ்லாட், மொத்தத்துக்கும் 200 வாட் பவர் சப்ளை.

பிராசஸர் மேல வழக்கமான ஹீட்சிங்க், ஃபேன் வைக்க உயரம் இல்லை. வச்சாலும் அது சூடான காற்றைப் பெட்டிக்குள்ளேயே சுத்த விடும். ஷட்டில் என்ன பண்ணினாங்கன்னா, பிராசஸர் மேல ஒரு உலோகக் கட்டி, அதிலிருந்து வெப்பக் குழாய்கள், குழாய்களோட மறுமுனை பெட்டியோட பின்சுவர்ல, அங்கே தகடுகள், அதுக்குப் பின்னாடி ஒரு 80 மி.மீ. ஃபேன். பிராசஸரோட சூடு பெட்டிக் காற்றுல கலக்காம நேரா வாசலுக்கே போயிடுது. பெட்டிக் காற்றை வெளியேத்துறதும் அதே ஃபேன்தான். ஒரே கல்லுல ரெண்டு மாங்காய்.

வெப்பக் குழாய் என்ன மாயம்னு கேட்டா, மாயமே இல்லை. காற்று வெளியேத்தி மூடின செப்புக் குழாய், உள்ளே கொஞ்சூண்டு தண்ணி. சூடான முனையில தண்ணி ஆவியாகும் (அழுத்தம் குறைவா இருக்கிறதால 100 டிகிரி தேவையில்லை). ஆவி குளிர்ந்த முனைக்கு ஓடி, அங்கே திரும்பத் தண்ணியாகி, சூட்டை விட்டுடும். உட்சுவர்ல விளக்குத் திரி மாதிரி நுண்துளை அமைப்பு இருக்கும். அது தண்ணியைத் திரும்ப இழுத்துட்டு வரும். மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த காக்லர் இந்தத் தத்துவத்துக்கு 1944-லேயே காப்புரிமை வாங்கினார். யாரும் கண்டுக்கலை. 1963-ல லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியா அதைத் திரும்பக் கண்டுபிடிச்சார். விண்கலத்துக்குப் போய், அப்புறம் லேப்டாப்புக்கு வந்து, கடைசியில லேன் பார்ட்டிப் பசங்க மேசைக்கும் வந்துடுச்சு.

இதே சமயம் இன்னொரு சம்பவம். 2001-ல டாம்ஸ் ஹார்ட்வேர் ஒரு வீடியோ போட்டாங்க. குவேக் ஓடிட்டு இருக்கும்போதே ஹீட்சிங்கைக் கழட்டிட்டாங்க. பென்டியம் 4 வேகத்தைக் குறைச்சுக்கிட்டு மூச்சு வாங்கிட்டு ஓடுச்சு. ஏஎம்டி ஆத்லான் புகை விட்டுச் செத்துப்போச்சு. சூட்டைத் தானே உணர்ந்து வேகத்தைக் குறைச்சுக்கிற வசதி பிராசஸருக்குக் கட்டாயம் வேணும்னு இந்தக் காட்சி பலருக்கும் புரிய வச்சது.

சுவரில் மோதின கதை

டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினா அதுக்கேத்த அளவு மின்சாரமும் குறையும்னு ஐபிஎம்மின் ராபர்ட் டெனார்ட் குழு 1974-ல சொல்லியிருந்தது. முப்பது வருஷம் அந்த வாக்கு பலிச்சது. 90 நானோமீட்டருக்கு வந்தப்போ சிக்கல். சும்மா இருக்கிற டிரான்சிஸ்டர் வழியாவே மின்சாரம் கசிய ஆரம்பிச்சது. 2004 பிப்ரவரியில வந்த பிரெஸ்காட் பென்டியம் 4, 100 வாட்டைத் தாண்டிடுச்சு. அதே வருஷம் மே மாசம் அடுத்த பிராசஸரான தேஜாஸை இன்டெல் கைவிட்டாங்க. அக்டோபர்ல 4 கிகாஹெர்ட்ஸ் திட்டமும் காலி. தலைவர் கிரெய்க் பாரெட் மேடையில முழங்கால் போட்டே மன்னிப்புக் கேட்டார்.

இன்டெல் இன்னொரு பக்கம் பெட்டியையே மாத்தப் பார்த்தாங்க. 2003-ல அறிவிச்ச பிடிஎக்ஸ்: பிராசஸரை முன்னாடி கொண்டு வந்து, பெரிய ஃபேன் வச்சு, நேர்கோட்டுல காற்று ஓட விடற அமைப்பு. யோசனை நல்லாத்தான் இருந்தது. ஆனா 2006 ஜூலையில வந்த கோர் 2 டியோ வெறும் 65 வாட்டுல பென்டியம் 4-ஐத் தூக்கி அடிச்சது. அதோட வேர், லேப்டாப்புக்காக இஸ்ரேல்ல வடிவமைச்ச பென்டியம் எம். மின்சாரத்தை எண்ணி எண்ணிச் செலவு பண்ணப் பழகின குடும்பம்! சூடு குறைஞ்சதும் பிடிஎக்ஸ் தேவைப்படலை. அதே 2006-ல இன்டெல் அதை ஓரங்கட்டிட்டாங்க. பெட்டியை மாத்திச் சாதிக்கப் பார்த்ததைச் சில்லை மாத்திச் சாதிச்சாங்க.

இந்தப் பாடத்துக்கு அதிக விலை கொடுத்தது மைக்ரோசாஃப்ட். 2005 நவம்பர்ல வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ல, கிராஃபிக்ஸ் சில்லோட ஹீட்சிங்க் டிவிடி டிரைவுக்கு அடியில நசுங்கிக் கிடந்தது. ஆடும்போது சூடு, நிறுத்தினா குளிர்ச்சி, மறுபடி சூடு. விரிஞ்சு சுருங்கி விரிஞ்சு சுருங்கி, சில்லுக்கு அடியில இருந்த நுண் இணைப்புகள்ல விரிசல். மூணு சிவப்பு விளக்கு எரியும், அவ்வளவுதான். 2007 ஜூலையில உத்தரவாதத்தை மூணு வருஷமாக்கி, அதுக்குன்னு 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்கினாங்க. இங்கே கவனிக்க வேண்டியது, வாங்கினவங்க தப்பா எதுவும் பண்ணலை. விளையாட்டுப் பெட்டியில விளையாடினாங்க, அவ்வளவே. சூட்டுக் கணக்குல மிச்சம் பிடிச்ச இடத்துக்கான பில் கடைசியில யார் வீட்டு வரவேற்பறையில வந்து விழுதுன்னு பாருங்க.

அப்புறம் என்ன ஆச்சு?

அப்புறம் ஆர்வலர்கள் கையில எடுத்துக்கிட்டாங்க. 2013-ல கூட்டு நிதி திரட்டி வந்த என்கேஸ் எம்1, 12.6 லிட்டர். அடுத்து வந்த டான் ஏ4, 7.2 லிட்டர். அதுல பிராசஸர் கூலருக்குக் கிடைக்கிற உயரம் வெறும் 48 மி.மீ. 2012-ல நாக்டுவா கொண்டு வந்த என்ஹெச்-எல்9 குடும்பமோ ஃபேனோட சேர்த்தே 37 மி.மீ. இந்தப் பெட்டிகள்ல ஷட்டில் காலத்துப் பாடங்கள் அப்படியே செல்லுபடியாகுது. நான் புரிஞ்சுக்கிட்ட வரைக்கும் சுருக்கமா:

1. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கக் கூடாது. கூலர் ஃபேனுக்கும் பெட்டியோட பக்கச் சுவருக்கும் நடுவுல இடைவெளி இருந்தா, ஃபேன் தான் விட்ட சூட்டையே திரும்பக் குடிக்கும். அந்த இடைவெளியை நுரை வளையம் வச்சு அடைச்சா வெளிக்காற்று நேரா ஃபேனுக்குப் போகும். செலவு கம்மி, பலன் அதிகம்.

2. பேஸ்ட் தடவறது ரெண்டு உலோகத்துக்கு நடுவுல இருக்கிற நுண்ணிய காற்றுப் பள்ளங்களை நிரப்பத்தான். செம்பு கடத்துற சூட்டுல பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் காற்று கடத்தாது. வருஷக்கணக்குல காய்ஞ்ச பேஸ்டை மாத்தி, தூசியைத் தட்டினாலே பல "செத்த" கணினிகள் எழுந்து உட்காரும்.

3. எல்லாத்துக்கும் மேல, சூட்டையே குறைங்க. மின்னழுத்தத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரித்தான் மின்செலவு ஏறும். 1.30 வோல்ட்டை 1.15 ஆக்கினா, அதே வேகத்துல சுமார் 22 சதவீதம் மிச்சம் (உங்க சில்லு தாங்கினா). 2022-ல வந்த ரைசன் 7000 வரிசை 95 டிகிரி வரைக்கும் தானே ஓடிப் பார்க்கிற மாதிரி வடிவமைச்சது. அதுக்கு பயாஸில் ஈகோ மோட் போட்டா, வேகம் கொஞ்சம்தான் குறையும், சூடு நிறையவே குறையும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு விஷயம். வெறும் காற்றால குளிர்விக்கிற எதுவும் அறை வெப்பத்துக்குக் கீழே போகாது. 22 டிகிரி அறையில சோதிச்சு 75 டிகிரின்னு எழுதினா, ஏசி இல்லாத சென்னை மே மாசத்து 36 டிகிரி அறையில அது கிட்டத்தட்ட 89. எங்கேயோ குளிர் நாட்டுல எழுதின விமர்சனத்தைப் படிச்சுட்டு 7 லிட்டர் பெட்டி வாங்குறவங்க இந்த 14 டிகிரியையும் கணக்குல சேர்த்துக்கணும்.

ஆப்பிள் 3-லிருந்து ரைசன் வரைக்கும் நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. பெட்டி எவ்வளவு அழகா இருந்தாலும் சூடு வெளியே போக ஒரு வழி கேட்கும். வழியைக் கொடுங்க, இல்லைன்னா சூட்டையே குறைங்க. மூணாவது வழியை இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலை.

சின்னப் பெட்டி வச்சிருக்கிற மக்கள் யாராவது இருந்தா, உங்க அறை வெப்பம் எவ்வளவு, பிராசஸர் எவ்வளவு காட்டுதுன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. ரெண்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்க, அப்போதான் ஒப்பிட முடியும் :-)