ஓய்வு நாளும் நாவலும்

நாவல் எழுத விழைவோர் பலரும் ஓய்வு நாளை எதிர்நோக்கியிருப்பர். அந்நாளோ திருமணம், விருந்து, வீட்டுப்பணி எனக் கரைந்துவிடுகின்றது. ஆயின், தமிழ் நாவலின் வரலாறு முழு ஓய்வு கிட்டியோரின் வரலாறு அன்று.

உப்பு, ஆப்காரி இலாகாவில் அலுவலராயிருந்த அ. மாதவையா, பணியிலிருந்துகொண்டே 1898இல் 'பத்மாவதி சரித்திரம்' முதற்பாகத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகமும் பணிக்காலத்திலேயே வெளிவந்தது. முன்னதாகவே ஓய்வு பெற்று, 1924இல் 'பஞ்சாமிர்தம்' இதழைத் தொடங்கி மூன்றாம் பாகத்தை எழுதலானார். 1925இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் தமிழுக்காகப் பேசிய அன்றே உயிர்நீத்தார். அப்பாகம் முற்றுப்பெறவில்லை. அலுவலுக்கிடையே எழுதியவை நிறைவுற, ஓய்வில் தொடங்கியது குறையாய் நின்றது.

அலுவலக விடுமுறை பெண்டிர்க்கு அடுக்களை விடுமுறை ஆவதில்லை. ஐந்து வயதில் மணம் செய்விக்கப்பெற்ற வை.மு. கோதைநாயகி அம்மாள், 'இந்திர மோகனா' என்னும் தம் முதல் நாடகத்தைத் தாம் சொல்லத் தோழியார் எழுதப் படைத்தார். 1925 முதல் 'ஜகன்மோகினி' மாத இதழை நடத்தி, நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை அளித்தார். குறித்த நாளில் அடுத்த பகுதியைத் தந்தாக வேண்டும் என்னும் கட்டாயமே அவருக்கு நேரத்தைத் தேடித் தந்தது எனலாம்.

நம் வட்டம் பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடுகின்றது. கவிதைகளோடு, எழுதப்பெறும் நாவலின் ஓர் அதிகாரத்தையும் இனி அங்குப் படிக்கலாகாதா? விடைத்தாள்களுக்கு அடியில் நாற்பது பக்கங்களோடு நின்றுபோன நாவல் ஒன்று என்னிடமும் உண்டு. அடுத்த கூட்டத்தில் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் படிக்க ஒப்புகின்றேன்.