முற்றிய சுரைக்காயை வீசாதீர்கள், பொம்மை செய்யலாம்

கொடியிலேயே முற்றிவிட்ட சுரைக்காயைக் கறிக்கு ஆகாது என்று வேலியோரம் வீசிவிடுகிறோம். கைவினைக்கு வேண்டியது அந்தக் காய்தான். சதை வற்றி, ஓடு மரம்போல் இறுகிய காயைச் சுரைக்குடுக்கை என்பர். நம் முன்னோர் அதில் தண்ணீர் கொண்டு சென்றனர், விதை சேமித்தனர், நீச்சல் பழக இடுப்பில் கட்டிக்கொண்டனர். பாம்பாட்டியின் மகுடியும் சுரைக்குடுக்கைதான்.

நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. சபாவின் கடசான்டூசுன் மக்கள் வாசிக்கும் சொம்போத்தோன், குடுக்கையில் 8 மூங்கில் குழல்களைச் செருகிச் செய்யப்படுவது. கோலகங்சாரின் புகழ்பெற்ற கறுப்பு மண்கூஜாவான லாபு சாயோங், சுரைக்காயின் வடிவத்தையும் மலாய்ப் பெயரையும் தாங்கி நிற்கிறது. பெருவில் 1946-இல் தொடங்கிய உவாக்கா பிரியெட்டா அகழாய்வில், சுமார் 4,000 ஆண்டுப் பழமையான செதுக்கிய குடுக்கைகள் கிடைத்தன.

உலர்த்தும் முறை

காம்பு பழுப்பாகிக் காயும்வரை காய் கொடியில் இருக்கட்டும். இரண்டு அங்குலக் காம்போடு வெட்டி, கழுவி, மழை படாத, காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டுப் பரப்புங்கள். அவ்வப்போது புரட்டிவிடுங்கள். காயின் அளவைப் பொறுத்து ஒரு மாதம் முதல் ஆறு மாதம்வரை ஆகலாம்.

நமது ஈரக் காற்றில் தோல்மேல் பூசணம் படரும். பலர் இதைக் கண்டு, அழுகிவிட்டதென்று நல்ல காயை எறிந்துவிடுகிறார்கள். அழுத்திப் பாருங்கள். ஓடு கெட்டியாக இருந்தால் பூசணம் மேல்தோலோடு சரி. அமுங்கினாலோ நீர் கசிந்தாலோதான் எறிய வேண்டும். எடை குறைந்து, குலுக்கினால் உள்ளே விதை சலசலத்தால் காய் தயார்.

பொம்மையாக்குதல்

காயை ஈரத்துணியால் சிறிது நேரம் சுற்றி வைத்து, பானை தேய்க்கும் கம்பி நாரால் மேல்தோலைத் தேய்த்தெடுங்கள். இடை சிறுத்த காயென்றால் மேல்குமிழ் தலை, கீழ்க்குமிழ் உடல். அடியில் சிறு துளையிட்டு மணலோ கூழாங்கல்லோ போட்டு அடைத்தால் பொம்மை சாயாது. ஊறவைத்து அரைத்த பழைய நாளிதழில் வெள்ளைப் பசை கலந்து மூக்கு, காது அமைக்கலாம். தேங்காய் நார் முடியாகும், கம்பி கையாகும், தையல் கடைத் துண்டுத்துணி சேலையாகும். அக்ரிலிக் வண்ணம் காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு பூச்சு கொடுத்தால் ஈரமும் பூச்சியும் எளிதில் அண்டா. நவராத்திரிக் கொலுவிலும் வைக்கலாம்.

கவனம் தேவை

காய்ந்த குடுக்கையை அறுக்கும்போதும் சுரண்டும்போதும் பறக்கும் தூசியும் பூசணமும் நுரையீரலுக்குக் கெடுதல். முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு பிள்ளைகளும் இந்த வேலையை விட்டு, வண்ணம் தீட்டுவதில் சேர்ந்துகொள்ளலாம். வண்ணமோ வார்னிஷோ பூசிய குடுக்கையில் உணவு வைக்கக் கூடாது.

உள்ளிருந்து எடுத்த விதைகளைச் சேமித்து வையுங்கள். வீட்டோரம் ஒரு பந்தல் போட்டு அவற்றை ஊன்றினால், பிஞ்சைக் கறிக்குப் பறித்துக்கொண்டு, நான்கைந்து காய்களை மட்டும் முற்ற விடலாம். அடுத்த பொம்மைகளுக்கு அவை போதும்.